குளத்தில் எப்போதும் இருக்கும் கிருமி: கெண்டை மீன்களில் ஏரோமோனாஸ் நோய்

கட்லாவின் வயிற்றுப் பக்கம் இரத்தம் கட்டியதுபோலச் சிவந்திருக்கிறது. துடுப்புகளின் அடியில் செம்புள்ளிகள். இரண்டு மூன்று மீன்கள் கரையோரம் தனியே ஒதுங்கி, ஆள் நிழல் பட்டும் விலகாமல் நிற்கின்றன. நேற்று இரண்டு செத்து மிதந்தன, இன்று ஆறு. இதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "என்ன மருந்து போடலாம்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: போன வாரம் இந்தக் குளத்தில் என்ன நடந்தது?

இந்த அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் காரணம் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியாவும் அதன் நெருங்கிய இனங்களும்தான். ஹைட்ரோபிலா என்றால் நீரை விரும்புவது என்று பொருள். குச்சி வடிவம், ஒரு முனையில் சாட்டை போன்ற வால், அதைச் சுழற்றி நீந்தும். ஆக்சிஜன் இருந்தாலும் வளரும், இல்லாவிட்டாலும் வளரும். ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸ் இதற்கு மிகவும் உகந்த வெப்பநிலை. நம் ஊர்க் குளங்கள் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெப்பத்தில்தான் இருக்கின்றன. நன்னீர், அடிச்சேறு, வாய்க்கால் நீர், நோயே இல்லாத மீனின் குடல் என எல்லா இடத்திலும் இது உண்டு. வெளியிலிருந்து வந்து புகுந்த எதிரி என்று இதை நினைப்பதில்தான் முதல் பிழை தொடங்குகிறது. இன்று கிருமிநாசினி போட்டு நீரில் உள்ளதைக் கொன்றாலும், சேற்றிலிருந்தும் மீனின் குடலிலிருந்தும் சில நாளில் மறுபடி பெருகிவிடும்.

அப்படியானால் எல்லாக் குளத்திலும் மீன் ஏன் சாவதில்லை? மீனின் உடலில் காவல் இருக்கிறது. கையில் பிடித்தால் நழுவுகிறதே, அந்த வழவழப்புப் படலம்தான் முதல் காவல். பாக்டீரியாவைக் கரைக்கும் நொதிகளும் எதிர்ப்புப் புரதங்களும் அதில் உள்ளன. அதற்குக் கீழே செதிலும் தோலும். உள்ளே செவுள், குடல் ஆகியவற்றின் மெல்லிய சவ்வுகள். இவை முழுமையாக இருக்கும்வரை ஏரோமோனாஸ் வெளியிலேயே நிற்கும். ஓரிடத்தில் ஓட்டை விழுந்து, அதே நேரத்தில் மீனின் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்திருந்தால், உள்ளே இறங்கி இரத்தத்தில் கலந்துவிடும். அங்கே அது சுரக்கும் ஏரோலைசின் என்ற நச்சு, செல்களின் சவ்வில் துளை போடுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன, நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. நாம் வெளியே பார்க்கும் சிவப்பு இந்தக் கசிவுதான். சிறுநீரகமும் செவுள்களும் செயலிழக்கும்போது உடலில் நீர் கோத்து வயிறு உப்பும், செதில்கள் பலாக்காய் முள்போல் விறைத்து நிற்கும், சில மீன்களுக்குக் கண் பிதுங்கும். தோலில் புண் விழுவதும் துடுப்பு அழுகுவதும் இதே நோயின் மெதுவான வடிவங்கள். வேகமாகத் தாக்கினால் வெளியே ஓர் அடையாளமும் இல்லாமலேகூட மீன் சாகும்.

மீன், கிருமி, நீர்ச்சூழல் ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழும் மூன்று வட்டங்கள் என்று 1974-இல் மீன்நோய் ஆய்வாளர் ஸ்னீஸ்கோ விளக்கினார். மூன்றும் சேரும் நடுப்பகுதியில்தான் நோய் இருக்கிறது. கிருமி வட்டத்தை நம்மால் அழிக்க முடியாது. மற்ற இரண்டையும் நகர்த்த முடியும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கெளுத்திப் பண்ணைகளில் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலாவின் ஒரு வீரியமான வகை பரவியது. விற்பனைக்குத் தயாராக இருந்த பெரிய மீன்கள்கூட ஓரிரு நாளில் கூட்டமாகச் செத்தன. மரபணுவை ஆராய்ந்தபோது, சீனாவில் நோயுற்ற புல் கெண்டையிலிருந்து எடுத்த கிருமியோடு அது மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது. எல்லா ஏரோமோனாஸும் ஒன்றல்ல. தெரியாத பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி நேரே குளத்தில் கொட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கதவு எப்படித் திறக்கிறது

நோய் தெரியும் நாளுக்குச் சில நாள் முன்பு, சில நேரம் ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஏதோ ஒன்று நடந்திருக்கும். பண்ணைக் குறிப்பேடு இருந்தால் அதைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். பெரும்பாலும் கீழ்க்காணும் ஒன்றில் போய் நிற்கும்.

மிக அடிக்கடி காண்பது மீன் பேன். தட்டையாக, நிறமற்று, பயறு அளவில் தோலில் ஒட்டியிருக்கும் ஆர்குலஸ் என்ற ஒட்டுண்ணி இது. ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்தி இரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல். பேன் உள்ள மீன் உடலைக் கல்லிலும் கரையிலும் தேய்க்கும், துள்ளும், அதனால் இன்னும் செதில் உதிரும். இந்தக் குளத்தில் பேனை ஒழிக்காமல் பாக்டீரியாவுக்கு மட்டும் மருந்து கொடுப்பது வீண் செலவு. பேன் தன் முட்டைகளைக் கெட்டியான பரப்பில் வரிசையாக ஒட்டும். அதனால் மூங்கில் கழிகளையோ பலகைகளையோ நீரில் நட்டுவைத்து, வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்தால் முட்டைகள் பொரிப்பதற்கு முன்பே அழியும்.

அடுத்தது வலை. மாதிரி பார்க்கவோ பாதி அறுவடைக்கோ இழுவலை போட்டு, மீன்களை நெருக்கி வெகுநேரம் வைத்தால் வழவழப்புப் படலம் உரிந்துவிடும். கட்லா, வெள்ளிக் கெண்டை இரண்டும் இதைத் தாங்குவதில்லை. வெயில் ஏறிய பிறகு வலை போடுவது, முந்தைய நாள் வயிறு நிறையத் தீவனம் கொடுத்துவிட்டு வலை போடுவது, முடிச்சுள்ள முரட்டு வலை ஆகியவை அந்தக் காயத்தை இரட்டிப்பாக்கும்.

பிறகு நீர். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது கெண்டைக்கு நல்லது. 3-க்குக் கீழே இறங்கினால் மீன் செத்துவிடாது, தீவனமும் கொஞ்சம் எடுக்கும், ஆனால் எதிர்ப்புச் சக்தி சரியும். இது இரவுதோறும் நடந்துகொண்டிருக்கும், பகலில் பார்ப்பவருக்குத் தெரியாது. பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் தானும் மூச்சு விடும். அதனால் ஆக்சிஜன் மிகக் குறைவது விடிவதற்குச் சற்று முன். அளந்தால் காலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் அளக்க வேண்டும். பகல் 11 மணிக்கு எடுத்த அளவு எதையும் சொல்லாது.

அம்மோனியாவுக்கு நேரம் தலைகீழ். மிஞ்சிய தீவனமும் மீன் கழிவும் அம்மோனியா ஆகின்றன. அதில் நச்சாக இருப்பது அயனியாகாத பகுதி மட்டும், அந்தப் பகுதி எவ்வளவு என்பதை முடிவு செய்வது பிஎச், அதாவது நீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு. 28 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு. பிஎச் 8 என்றால் 6 முதல் 7 சதவீதம். பிஎச் 9 என்றால் சுமார் 40 சதவீதம். அடர்பச்சைக் குளத்தில் பிற்பகல் 3 மணிக்கு பிஎச் 9-ஐத் தொடும். காலையில் ஒன்றும் இல்லாததுபோல் தெரிந்த அதே அம்மோனியா அப்போது செவுளைப் பொசுக்கும். நச்சுப் பகுதி லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வரும் மார்கழி, தை மாதங்களைத் தனியாகக் கவனியுங்கள். மழைநீர் கலந்து குளத்தின் காரத்தன்மை இறங்கியிருக்கும், கரை மண் அரித்து வந்திருக்கும், இரவுக் குளிரில் மீனின் எதிர்ப்புச் சக்தி மெதுவாக வேலை செய்யும். குளிர் காலத்தில் மீன் குறைவாகத் தின்னும் என்பதை மறந்து பழைய அளவிலேயே பிண்ணாக்கும் தவிடும் போட்டால், அடியில் தேங்கி அழுகும்.

இது ஏரோமோனாஸ்தானா?

சிவப்பாகத் தெரிவதெல்லாம் இந்த நோய் இல்லை. ஒரே இரவில் எல்லா அளவு மீனும் மொத்தமாகச் செத்து, முந்தைய அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியிருந்தால் அது ஆக்சிஜன் குறைவு. பாக்டீரியா நோயில் சாவு நாளுக்கு நாள் ஏறும். செவுள் சாக்லெட் நிறத்தில் இருந்தால் நைட்ரைட் நச்சைச் சந்தேகியுங்கள். செவுளில் மஞ்சளும் வெள்ளையுமாக அழுகல் தெரிந்து, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை இருந்தால் அது ஃபிளாவோபாக்டீரியம் காலம்னாரே என்ற வேறு பாக்டீரியா. திலேப்பியா கோடையில் கண் பிதுங்கி வட்டமடித்துச் சுழன்றால் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

ஆழமான சிவந்த குழிப்புண், அதுவும் விராலில், குளிர் காலத்தில் வந்தால் அது கொள்ளைப் புண்நோயாக இருக்கலாம். 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்த நோய் அது. தொடக்கத்தில் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அந்தப் புண்களைச் சுரண்டிப் பார்த்தபோதெல்லாம் ஏரோமோனாஸ் கிடைத்தது, அதையே காரணம் என்றும் பலர் எண்ணினார்கள். உண்மைக் காரணம் அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்ற, பூஞ்சையைப் போன்ற உயிரி என்று பிற்பாடு உறுதியானது. திறந்த புண் எதுவாக இருந்தாலும் ஏரோமோனாஸ் அங்கே வந்து உட்காரும். ஆகவே புண்ணில் எடுத்த மாதிரியில் அந்தக் கிருமி இருக்கிறது என்ற அறிக்கை மட்டும் போதாது. சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்ததில் அது தனியாக, நிறைய வளர்ந்தால்தான் இரத்தத்தில் கலந்த நோய் என்று சொல்லலாம்.

அதற்கு ஆய்வகத்துக்குப் போகிற மீன் சரியான மீனாக இருக்க வேண்டும். செத்து மிதக்கும் மீன் பயன்படாது. வெப்பத்தில் ஓரிரு மணி நேரத்திலேயே குடல் பாக்டீரியா உடல் முழுதும் பரவிவிடும், பிறகு எதை வளர்த்தாலும் குழப்பம்தான். அறிகுறி உள்ள, இன்னும் செவுள் அசைகிற 3 முதல் 5 மீன்களை ஆக்சிஜன் நிரப்பிய பையில் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் அப்போதுதான் இறந்த மீனைப் பாலிதீன் பையில் கட்டி, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து அன்றே சேர்க்க வேண்டும். உறைய வைக்கக் கூடாது. கூடவே ஒரு லிட்டர் குளத்து நீர், காலை மாலை பிஎச், கடைசியாக என்ன போட்டீர்கள் என்ற விவரம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளையோ மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகலாம். ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கிய 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' கைபேசிச் செயலியிலும் தகவல் தரலாம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

தீவனத்தை நிறுத்துங்கள், அல்லது பாதியாகக் குறையுங்கள். சாணம், யூரியா, சூப்பர் பாஸ்பேட் எதையும் போடாதீர்கள். செத்த மீனைக் காலை மாலை இரு வேளையும் எடுத்துச் சுண்ணாம்புத் தூளோடு ஒரு மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். நீரில் விட்டுவைத்த ஒவ்வொரு பிணமும் கிருமியைப் பெருக்கும் தொட்டி, மற்ற மீன்கள் அதைக் கொத்தவும் செய்யும். இரவில் ஏரேட்டரை, அதாவது நீரில் காற்றைக் கலக்கும் கருவியை, ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் குளத்து நீரையே மோட்டாரில் எடுத்துத் தெளியுங்கள். போர்வெல் நீரை நேரே குழாய் வழியாக உள்ளே விட வேண்டாம், அதில் ஆக்சிஜன் மிகக் குறைவு. பலகையில் விழுந்து சிதறும்படி விட வேண்டும்.

சுண்ணாம்பு போடலாமா என்பது அம்மோனியாவைப் பொறுத்தது. பிஎச் 7-க்குக் கீழே, காரத்தன்மை குறைவு என்றால் சுண்ணாம்பு மிக நல்லது. பிற்பகல் பிஎச் ஏற்கெனவே 8.5, அம்மோனியாவும் இருக்கிறது என்ற குளத்தில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினால் பிஎச் மேலும் எகிறி, நோயில் சாகாத மீனும் அம்மோனியாவில் சாகும். சந்தேகம் இருந்தால் சுண்ணாம்புக்கல் தூளைப் போடுங்கள். அது பிஎச்-ஐ ஏறக்குறைய 8.3-க்கு மேல் உயர்த்தாது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்ற கிருமிநாசினி விஷயத்தில் கணக்கு பிசகுவது வழக்கம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் நீரின் கொள்ளளவு சுமார் 6,000 கன மீட்டர். 1 பிபிஎம் என்பது கன மீட்டருக்கு 1 கிராம். பரிந்துரைக்கப்படும் 2 பிபிஎம்முக்கு 12 கிலோ வேண்டும். "ஏக்கருக்கு ஒரு கிலோ" என்று தூவினால் அது 0.17 பிபிஎம்கூட இல்லை. கலங்கிய குளத்தின் கழிவுப் பொருள் அதைச் சில நிமிடங்களில் தின்றுவிடும். சரியாகப் போட்டதற்கு அடையாளம், நீரின் ஊதா கலந்த சிவப்பு குறைந்தது 8 மணி நேரம் நிற்பது. அதற்குள் பழுப்பாகிவிட்டால் மருந்து கழிவிலேயே தீர்ந்துவிட்டது. இதைக் காலையில் போட வேண்டும், அன்றிரவு ஏரேட்டர் கட்டாயம், ஏனென்றால் பாசியும் கொஞ்சம் சாகும். இன்னொன்று: இது நீரிலும் தோலிலும் உள்ளதை மட்டுமே கொல்லும். இரத்தத்தில் கலந்த கிருமியை எட்டாது.

ஆன்டிபயாடிக்

இரத்தத்துக்குள் போன கிருமியை எட்ட, மருந்து மீனின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். நோய் முற்றிய மீன் தின்னாது. அதனால் மருந்துத் தீவனம் காப்பாற்றுவது இன்னும் தின்றுகொண்டிருக்கும் மீன்களைத்தான். தாமதித்தால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

மாத்திரைகளைப் பொடித்து நீரில் கலந்து தெளிப்பது முற்றிலும் தவறு. ஆக்சிடெட்ராசைக்ளின், நீரின் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் பிணைந்து செயலிழக்கும். ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகைகளுக்கு ஏரோமோனாஸ் இயல்பிலேயே அடங்காது, அவற்றைச் சிதைக்கும் நொதி அதனிடமே இருக்கிறது. குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரான்களும் உணவுக்கு வளர்க்கும் மீனில் தடை செய்யப்பட்டவை, எந்தக் கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எந்த மருந்து என்பதை, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் ஆய்வக உணர்திறன் சோதனை பார்த்து மீன்நோய் வல்லுநர் முடிவு செய்யட்டும். அவர் ஆக்சிடெட்ராசைக்ளின் என்று சொன்னால் கணக்கு இப்படி வரும். குளத்தில் 3,600 மீன், சராசரி 300 கிராம், மொத்த எடை 1,080 கிலோ. உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 81 கிராம் கலப்பற்ற மருந்து, 10 நாளுக்கு 810 கிராம். வாங்கும் பொட்டலத்தில் 10 சதவீதம்தான் மருந்து என்றால் அந்தப் பொடி நாளுக்கு 810 கிராம். வழக்கமாக உடல் எடையில் 2 சதவீதம், அதாவது 21.6 கிலோ தீவனம் என்றால் கிலோவுக்கு 3.75 கிராம் மருந்து. நோயால் தீவனத்தை 1 சதவீதமாகக் குறைத்திருந்தால் கிலோவுக்கு 7.5 கிராம். இந்த மாற்றத்தை மறந்துதான் பலர் பாதி அளவு மருந்து கொடுக்கிறார்கள். பாதி அளவு நோயைத் தீர்க்காது, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். நாலாம் நாள் சாவு நின்றதும் நிறுத்துவதும் அதே தவறுதான்.

மருந்தைச் சிறிது சமையல் எண்ணெயில் குழைத்து மிதவைத் தீவனத்தில் புரட்டி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். தவிடு பிண்ணாக்கில் கலந்து பையில் தொங்கவிட்டால் பாதி நீரிலேயே கரைந்துபோகும். மருந்து முடிந்தபின் உடனே விற்கக் கூடாது. கெளுத்திக்கு அமெரிக்க விதிப்படி 21 நாள் காத்திருக்க வேண்டும், வல்லுநர் அதைவிட அதிகம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மீனில் ஆக்சிடெட்ராசைக்ளின் எச்சம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

நோயுற்ற மீனைக் கையாள்பவர் கையில் வெட்டோ கீறலோ இருந்தால் கையுறை போட வேண்டும். ஏரோமோனாஸ் மனிதரின் காயத்திலும் புகுந்து சீழ்பிடிக்கச் செய்யும். சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்கள் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. நன்றாகச் சமைத்தால் கிருமி செத்துவிடும் என்றாலும், நோயுற்ற மீனை விற்பதும் கொடுப்பதும் கூடாது.

அடுத்த இருப்புக்கு முன்

அறுவடை முடிந்ததும் குளத்தை வடித்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிடுங்கள். கறுத்து நாறும் சேற்றை மட்டும் வழித்தெடுத்தால் போதும். பிறகு ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ சுட்ட சுண்ணாம்பு. வடிக்க முடியாத குளத்தில் பிளீச்சிங் பவுடர், ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழ நீருக்கு 350 கிலோ. பவுடர் பழையதாகிக் குளோரின் போயிருந்தால் அந்தக் கணக்கு பொய்யாகும், மூட்டையைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி இருக்க வேண்டும்.

குஞ்சு வாங்கும்போது செதில் உதிர்ந்த, துடுப்பு கிழிந்த கூட்டத்தை மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். விடுவதற்கு முன் 10 லிட்டர் நீரில் 200 கிராம் கல்லுப்பு கரைத்து, ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுங்கள். ஒரு குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்தாலும் உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 விரலளவுக் குஞ்சுகள் என்பது கூட்டுக் கெண்டை வளர்ப்பின் வழக்கமான அளவு. ஏரேட்டரும் மாற்று நீரும் இல்லாதவர்கள் கீழ்எல்லையிலேயே நிற்பது நல்லது.

வலை வாடகைக்கு வருகிறது என்றால் நேற்று அது எந்தக் குளத்தில் இருந்தது என்று கேளுங்கள். ஈரமாக வந்த வலையை அப்படியே இறக்க விடாமல், ஒரு முழுநாள் நல்ல வெயிலில் விரித்துக் காயவைத்த பிறகே குளத்தில் போடச் சொல்லுங்கள். பேன் முட்டையும் கிருமியும் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு அந்த ஈரத்தில்தான் பயணம் செய்கின்றன.